பகல் தூக்கம்

பத்து மாதக் குழந்தை ஆண்ட்ரூ கொஞ்ச நாளாகவே சாயங்காலம் தோளில் துணிபோலத் துவண்டு கிடந்தான். பாட்டிலை வாயில் வைத்தால் உறிஞ்சமாட்டான். "பல்லு மொளைக்குது, அதான்" என்றான் கணவன் லாயிட். தாய் சிந்தியாவின் மனசு ஒப்பவில்லை. ஒருநாள் ஆபீசிலிருந்து மத்தியானமே கிளம்பி, சொல்லாமல் கொள்ளாமல் குழந்தையை விடும் இடத்துக்குப் போனாள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் குளோரியா தன் வீட்டு முன்னறையில் நடத்தும் கிரெஷ் அது. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளைகள் பாயில் அசையாமல் தூங்கினார்கள். ஆண்ட்ரூவை மடியில் சாய்த்து, மூடியில் ஊற்றிய சிவப்பு மருந்தை அவன் வாயில் புகட்டிக்கொண்டிருந்தார் குளோரியா.

"என்ன குடுக்குறீங்க ஆன்ட்டி?"

"சளி சிரப்பும்மா. கொஞ்சம் தூங்குவான்."

"அவனுக்குச் சளியே இல்லையே."

"இத்தனை பிள்ளைங்கள நான் ஒருத்தி எப்படிப் பாக்குறது? எல்லாருக்கும் குடுக்குறதுதான். யாருக்கு என்ன ஆச்சு?"

சிந்தியா குழந்தையையும் மருந்துப் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தாள்.

டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இந்த வயசுல இத குடுக்கவே கூடாது. மூச்சே மந்தமாயிடும்." சாயங்காலம் வரை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். ஆண்ட்ரூ தெளிந்து, பசியில் வீறிட்டு அழுத பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும்.

ஓடிவந்த லாயிட் சொன்னான்: "குளோரியா ஆன்ட்டி நம்ம சர்ச் ஆளு. இவன அங்க அனுப்புறத நிறுத்திட்டு, இதோட விட்டுரு சிந்தியா."

"மத்த பிள்ளைங்க?"

குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டு, பாட்டிலோடு கிரெஷ் கேட்டில் போய் நின்றாள். பிள்ளையை அழைக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒரு தகப்பன் அங்கேயே தன் மகளை உலுக்கி எழுப்பப் பார்த்தான். இன்னொருத்தி மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். வேற எடம் கெடைக்கல. லீவும் இல்ல. என்ன பண்ணச் சொல்றே?"

"பிள்ளைக்கு மூச்சு நின்னுபோனா லீவு குடுப்பாங்க."

சொன்ன பிறகும் சிந்தியா அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

சில நாளில் கிரெஷ் மூடப்பட்டது. சர்ச்சில் பாதிப் பேர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவள் வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டாள்; மீதி நேரத்தை லாயிட் வீட்டிலிருந்தே சமாளிக்கிறான். குழந்தையை எங்கே விடலாம் என்று யார் கேட்டாலும் அவள் குரல் இன்னும் சூடாகத்தான் வருகிறது.

"எங்க வேணா விடு. ஆனா ஒருநாள் மத்தியானத்துல, சொல்லாம போய்ப் பாரு."