என் மச்சினி எழுதிக் கொடுத்த கடிதம்

அரசாங்கம் எனக்கு எட்டு மாத லாரி வாடகை கடன்பட்டிருந்தது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு! வெள்ளக் காலத்தில் என் நாலு லாரிகளையும் எடுத்துப் போனவர்கள், பணம் கேட்டால் நாளை வா என்றார்கள். கிளீனராக இருந்து முதலாளியானவன் நான், விடுவேனா? நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை ஏறினேன். அதற்குள் மூன்று லாரிகள் விலைபோயின. தோற்றால் நாலாவதும் போகும். நான் மறுபடி கிளீனர்தான்.

என் வழக்கு போய்ச் சேர்ந்த நீதிபதிக்குத் தட்டச்சு செய்தவள் என் மனைவியின் தங்கை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மீசையை முறுக்கினேன். அவளோ கோப்பு வந்த அன்றே, மனுதாரர் தன் அக்கா கணவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய கட்டுகள் அடுக்கும் தூசி அறைக்குத் தானே கேட்டு மாறிக்கொண்டாள். இருமல்தான் மிச்சம்.

ஆனாலும் ஒரு பை ஆப்பிளோடு அவள் வீட்டுக்குப் போனேன். ஐயா எந்தப் பக்கம் சாய்கிறார் என்று மட்டும் விசாரித்துச் சொல்லும்படி கேட்டேன்.

"மாமா, ஓடுற லாரியில பக்கத்துல உக்காந்தவன் ஸ்டீயரிங்கைப் பிடிச்சா சும்மா இருப்பீங்களா? பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

தானாடாவிட்டாலும் தசை ஆடும் என்பார்கள். உன் தங்கைக்குத் தசையே இல்லை என்று மனைவியிடம் பொரிந்தேன். ஆறு மாதம் மச்சினியோடு பேசவில்லை.

அந்த நீதிபதி ஏற்கெனவே இரண்டு முறை அரசுக்கு எதிராகத் தீர்ப்பெழுதியவர். அவரை எப்படியாவது ஒதுக்கிவிட, லாரிகளை எடுத்த துறையின் அமைச்சர் துடித்தார். கடைசி விசாரணையில் அரசு வக்கீல் எழுந்து, நான் தட்டச்சர் வீட்டுக்குப் பையோடு போனதைச் சொல்லி, இந்த நீதிபதி விலக வேண்டும் என்றார். அக்கம்பக்கத்தில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நீதிபதி பதறவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். நான் வந்தது, கேட்டது, ஒன்றும் சொல்லாமல் அவள் திருப்பி அனுப்பியது, ஆப்பிள் ஆறு என்பது உட்பட எல்லாம் அதில் இருந்தது. மறுநாளே அவள் எழுதிக் கொடுத்த கடிதம். அறையே சிரித்தது, வக்கீல் உட்கார்ந்தார்.

நீதிபதி அமைச்சர் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. வாடகையை வட்டியோடு கொடுக்கச் சொன்னார். ஆப்பிளுக்குத் தண்டனையாக, என் வழக்குச் செலவை மட்டும் அரசு தர வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

எல்லாம் என் உழைப்பில் வந்தது என்று மார்தட்டுகிறவன் நான். இது அவளால் வந்தது.

கருவூலத்துக்கு அவளையும் அழைத்துப் போனேன். பணம் எண்ணுவதில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. அன்று கண் கலங்கிக் கணக்குத் தப்பியது. பக்கத்தில் நின்று அவள்தான் எண்ணினாள், காசாளர் கடைசி நோட்டை என் உள்ளங்கையில் வைக்கும்வரை.