இரண்டே சீட்டு

கோயம்புத்தூரில் அந்தப் பழைய கார் வியாபாரி ஒரு மணி நேரம் பேசினார். அதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை. வாங்குகிறவள் நான், ஓட்டப்போகிறவள் நான். அவரோ என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, “எஞ்சின் பின்னாடி இருக்குங்க சார். சவுண்டக் கேட்டீங்கன்னா விடமாட்டீங்க சார்” என்று உருகிக்கொண்டிருந்தார். என் கணவரும் “ஓ, அப்படீங்களா” என்று தலையாட்டி, எனக்கு வர வேண்டிய மரியாதையையெல்லாம் தானே வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் லாரி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வண்டிகள் ராஜஸ்தான் வரை போய் பூமியைத் துளைத்துவிட்டு வரும். எந்த வண்டி எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதை வீட்டிலிருந்தபடி போனில் பார்த்துக்கொள்வது நான். வண்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர். வீட்டுக்கென்று இதுவரை வாங்கிய கார்கள் எல்லாமே அவர் பார்த்து வாங்கியவை, எல்லாமே வெள்ளை, எல்லாவற்றிலும் ஏழு பேர் உட்காரலாம். அவர் ஓட்டுவார். நான் இடப்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலையும், டோல் ரசீதையும், சொந்தக்காரர்கள் கொடுத்தனுப்பும் வாழைச் சீப்பையும் மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.

ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் டோல்கேட்டில் எங்களுக்கு முன்னால் மஞ்சளாக ஒன்று நின்றது. உயரம் என் இடுப்புவரைகூட இருக்காது. தடுப்பு மேலே போனதும் ஓர் உறுமல், அப்புறம் ஆளைக் காணோம். அந்த நிமிஷமே எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். பட்டுப்புடவை எடுக்கும்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதை நான் ஓட்ட வேண்டும், இவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வர வேண்டும். ஆசை இவ்வளவுதான். முதல் பாதியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இரண்டாம் பாதிக்குத்தான் வழி தெரியவில்லை. வண்டியில் இருப்பதே இரண்டு சீட்டு. அதில் ஒன்று காலியாக வந்தால் எனக்கு அந்த வண்டியே வேண்டாம்.

கடையில் நின்ற வண்டியும் மஞ்சள்தான். இத்தாலியில் செய்தது, எனக்கு முன்னால் இரண்டு பேர் கைமாறியது. விலையைச் சொல்லமாட்டேன், என் நாத்தனார் இதைப் படிப்பார். இவர் லாரி பார்க்கிற மாதிரியே அதையும் பார்த்தார். டயரை உதைத்தார். அடிப்பக்கம் பார்க்கக் குனிந்தார், தலை நுழையவில்லை. முன்பக்க மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாத பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஸ்டெப்னி எங்கீங்க?”

“இதுக்கு ஸ்டெப்னி வராதுங்க சார்.”

“வராதுன்னா?”

“கம்பெனியிலயே குடுக்கறதில்லீங்க. பஞ்சரானா உள்ள மருந்து அடிச்சுக்கலாமுங்க.”

“ஏனுங்க, இத்தாலிக்காரன் ரோட்டுல ஆணியே கெடக்காதுங்களா?”

அதற்குப் பிறகு வியாபாரி சொன்ன எதுவும் இவர் காதில் ஏறவில்லை. ஸ்டெப்னி இல்லாத வண்டியை நம்பி எவன் வெளியே கிளம்புவான் என்பதுதான் அவர் கேள்வி. நான் உள்ளே போய்க் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது, இவர் முகம் வேறு மாதிரி இருந்தது. சட்டை கசங்கியிருந்தது.

“வாங்கறதுன்னா வாங்கிக்க. நான் இதுல ஏறமாட்டேன்” என்றார்.

அதனால் மஞ்சளில் நான் முன்னால் வர, இவர் எங்கள் வெள்ளைக் காரில் பின்னால் வந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஆனால் நான்குவழிச் சாலைக்கு வந்து காலை ஓர் அழுத்து அழுத்தினேன் பாருங்கள், கோபமெல்லாம் அவிநாசிக்குப் பின்னால் எங்கேயோ விழுந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வாய்விட்டுக் கத்தினேன். பின்னால் பார்த்தால் இவரைக் காணோம். வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, வெள்ளை தெரிந்ததும் மறுபடி அழுத்தினேன்.

பெருந்துறைப் பக்கம் டீ குடிக்க நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு போட்டோ. “பொக்லைன் கலரு” என்றார் ஒருவர். “காலேஜ் பஸ் கலரு” என்றார் இன்னொருவர். இவரும் வந்து ஓரமாக நின்று டீ வாங்கினார்.

“நீங்க யாருங்க, அந்த வண்டி கூடவே வாரீங்க?” என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

“நானுங்களா? ஸ்டெப்னிங்க.”

அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் இன்னோர் அர்த்தமும் உண்டு. கூட்டம் என்னை ஒரு தடவை, இவரை ஒரு தடவை பார்த்தது. இவருக்கு விஷயம் உறைத்துக் காது சிவப்பதற்குள் டீக்கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டார். “கட்டுன புருசனுங்க அவரு” என்று நான் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

சங்ககிரியில் பெரிய ரோட்டை விட்டு இறங்கியதும் வேகத்தடைகள் தொடங்கின. எங்கள் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் ஒரு வரப்பு உயரம். ஒவ்வொன்றிலும் இவர் வெள்ளைக் காரை நிறுத்தி, இறங்கி வந்து, ரோட்டோரம் குனிந்து என் வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, லாரி கிளீனர் மாதிரி “ஒடி, ஒடி, வரட்டும், ஹோல்டான்!” என்று குறுக்குவாட்டில் ஏற்றி இறக்கினார். இருப்பதிலேயே உயரமானது எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்தது. காலேஜ் பஸ்கள் பறக்கின்றன என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து, “நல்லா உசரமா போடுங்க” என்று கூடவே நின்று போட வைத்தவள் நான்தான். அதன் இரண்டு பக்கமும் பலகை போட்டு வண்டியை உள்ளே கொண்டுவந்தோம்.

அதன் பிறகு தினமும் காலையில் இவர் போய் வண்டியைத் துடைப்பார். சுற்றிச் சுற்றி வருவார். “வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்றால் மோட்டார் போட வேண்டும், தண்ணி கட்ட வேண்டும் என்று நழுவுவார். நானும் எத்தனை நாள் பொறுப்பேன்? ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“பொம்பள ஓட்டற வண்டில உக்காந்தா மீசை கொட்டிப் போயிருமாக்கும்?”

இவர் துணியைப் பிழிந்து காயப்போட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஏறிருவேன் புள்ள. எறங்க முடியாது.”

காலமெல்லாம் லாரி கிளட்ச் மிதித்த முழங்கால். நான் கையெழுத்துப் போட உள்ளே போயிருந்த நேரத்தில், கடையில் இவர் ஆசையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. “ரெண்டு பேரு அக்குள்ல கையக் குடுத்துத் தூக்குனாங்க. மூட்டையாட்டம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. இத்தனை நாள் இவரைத் திமிர் பிடித்தவர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல், தெருவில் யாரும் இல்லாதபோது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். இவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தொப்பென்று உள்ளே விழுந்தார். வாசல் தடைக்கு முந்தின ராத்திரியே பலகை போட்டு வைத்திருந்தேன், மற்றதையெல்லாம் குறுக்குவாட்டில் ஏற்றி இறக்க அதற்குள் எனக்கே பழகிவிட்டது. சங்ககிரி வரை போனோம். இவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு வந்தார், நான் பார்த்தேன்.

திரும்பி வந்தால் வீட்டு வாசலில் பால்காரர், பக்கத்து வீட்டார், கையில் போனோடு நாத்தனார்.

“நிறுத்தாத, போ” என்றார் இவர்.

“எங்கீங்க?”

“எங்கியாச்சும் போ. இவங்க முன்னாடி என்னைய மூட்டை எறக்கப்போறயா?”

போனோம். பெட்ரோல் பங்கில் கூட்டம். ஓட்டலில் அதைவிடக் கூட்டம், இட்லியை ஜன்னல் வழியாக வாங்கி உள்ளேயே சாப்பிட்டார். ஏறவே மாட்டேன் என்றவர் இறங்க வழியில்லாமல் நாமக்கல் தாண்டி வந்துவிட்டார். கடைசியில் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடாக இருந்த ஒரு சின்ன ரோட்டில், ஆளில்லை என்று பார்த்து நிறுத்தினேன். இவர் இரண்டு கையையும் என் கழுத்தில் போட்டார். நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் மேலே வந்தார்.

அந்த நேரம் பார்த்து ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார்.

“ஏனுங்க, வண்டி மண்ணுல பொதஞ்சு போச்சுங்களா?”

“இல்லீங்க. அதோட உசரமே அவ்வளவுதானுங்க” என்றார் இவர்.

“நீங்க ஓட்டறதுங்களா?”

“இல்லீங்க. ஊட்டுக்காரங்க ஓட்டறாங்க. என்னையக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க.”

ஆட்டுக்குட்டியிடம்கூட “போங்க சாமி” என்று பேசுகிற மனிதர் இவர். எனக்கு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து வா, போதான். எனக்கென்று அவர் வாயிலிருந்து ஒரு ‘ங்க’ வந்தது அன்றுதான். நான் காதில் விழாத மாதிரி நின்றேன். ஆடுகள் எங்களையும் வண்டியையும் சுற்றிக்கொண்டு போயின.

“காலு பரவால்லீங்களா?” என்று கேட்டேன்.

“பரவால்ல” என்றார். கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.