குரங்குக்குப் போன புளிச்சோறு

இன்று செம்பூர் ஸ்டேஷனில் எங்கள் சர்ச் தம்பி ஒருவனைப் பார்த்தேன். மகனோடு கர்ஜத் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருகிறானாம்.

“ஏக்தம் மஸ்த், அங்கிள், செம ஜாலி. அப்பா-பிள்ள பாண்டிங். ஒங்கப்பா இப்படிக் கூட்டிட்டுப் போயிருக்காங்களா?”

போயிருக்கிறார். அறுபதுகளில், நாங்கள் குடியிருந்த மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து போரிவ்லி காட்டுக்கு, நாங்கள் இருவர் மட்டும்.

எங்கள் வீட்டில் பைபிள் வசனம் பார்க்காமல் சொன்னால்தான் சோறு. காட்டிலும் அதே சட்டம். இருபத்துமூன்றாம் சங்கீதத்தில், ‘நீர் எனக்கு ஒரு பந்தியை ஆயத்தப்படுத்தி’ என்று வரும் வரியில் திக்கினேன். அப்பா என் பங்குப் புளிச்சோற்றைக் குரங்குகளுக்கு வீசினார்.

“குரங்கு வசனம் சொல்லிச்சாப்பா?” என்றேன்.

அறைந்தார். “அதுக்கு ஆத்துமா கெடையாதுல. ஒனக்கு இருக்கு.”

தம்பியிடம், “நல்ல பாண்டிங்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, மறதி வேறு. ஆனாலும் வசனம் சொல்லாமல் சாப்பிட மாட்டார். இப்போது மேசையில் உட்கார்ந்து அதே சங்கீதத்தைச் சொல்கிறார். அதே பந்தியில் வந்து நிற்கிறார். அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும். தட்டு என் கையில் இருக்கிறது.

எடுத்துக் கொடுக்கவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள். ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்துவிட்டது.