ஃபுல் லோடு கேட்கும் சென்சார்

நேற்று எங்கள் பிக்கப் ஜெகதளா மேட்டில் இழுக்காமல் திணறி நின்றது. இன்று குன்னூர் மெக்கானிக் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, டீசல் அழுத்தத்தைக் காட்டும் சென்சார் மேல்தான் சந்தேகம் என்றார்.

ஆனால் இன்று வண்டி சமர்த்தாக ஓடுகிறது.

"காலி வண்டியில சரியாத்தானுங்க காட்டும். ஃபுல் லோடோட மேடு ஏறுனாத்தான் அதோட திருட்டுத்தனம் தெரியும். பச்சத் தேயிலை ஏத்திட்டு வாங்க, பார்த்துரலாம்."

"விலை இருக்கற லட்சணத்துல யாருங்க இலை பறிக்கறாங்க? ஃபேக்டரிக்கு அரை வண்டி போறதே பெருசு."

"அப்ப நேத்து என்ன லோடுங்க?"

பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குடும்பத்தோடு திருப்பூர் போகிறார். நேற்று ஏற்றியது அவர் வீட்டுச் சாமான்.

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க, உங்க ஊர்ல வேற யாராச்சும் ஊடு காலி பண்றாங்களா?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சென்சார் கெட்டிருக்கிறதா, இல்லையா? இன்னும் தெரியாது.

ஒரு வண்டி இலை வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கட்டில், பீரோ ஏற்றக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லாதீர்கள்.