அது வசனம் அல்ல

பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த ஒத்திகை அறையில், பாலில்லாத தே ஓ தேநீர் ஊற்றி நிரப்பிய சாராயப் போத்தல் ஒன்றை வக்கீல் என் கையில் திணித்தான். "இதப் பிடிச்சுக்கிட்டே உள்ள வா. நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஜனம் சிரிச்சிரும் லா," என்றான். பிறகு என் சட்டையின் மேல் பட்டனை, கழுத்தை இறுக்கும்படி, அவனே போட்டுவிட்டான். போத்தலைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பட்டனைப் பொறுக்க முடியவில்லை. எங்கள் பழைய கூட்டாளிகளில் கழுத்துப் பட்டன் போடுகிறவன் ஒருவன்தான். அவனை நாங்கள் எல்லோரும் மச்சான் என்றே கூப்பிடுவோம். அவன் குடித்து நான் பார்த்ததே இல்லை.

வக்கீல், மச்சான், நான் மூவரும் கிள்ளானில் ஒரே இடைநிலைப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வகுப்பில் முதல் ஆள் மச்சான். வக்கீலுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். மலாய் பேச்சுப் போட்டியில் பள்ளிக்காகக் கோப்பை வாங்கிவந்தவனும் அவன்தான். பரீட்சை முடிந்ததும் நானும் அவனும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போனோம். அவனைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய எனக்கு இடம் கிடைத்தது. அவனிடம் இருந்தது சிவப்பு ஐசி. இந்த நாட்டில் தங்கலாம், ஆனால் குடிமகன் அல்ல என்று சொல்லும் அட்டை அது. குடிமக்களுக்கு நீல ஐசி. அவன் பிறந்தது கிள்ளானில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். பிறந்ததை உரிய காலத்தில் பதிய வேண்டும் என்று அவன் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டியவன் போர்ட் கிள்ளானில் பண்டகசாலையில் பெட்டி தூக்கப் போனான். விண்ணப்பித்தான். குடியுரிமை கேட்ட அந்த விண்ணப்பத்தைக் காரணம் சொல்லாமல் நிராகரித்தார்கள். மறுபடி விண்ணப்பித்தான். நேர்காணலில் அவன் மலாய் பேசியதைக் கேட்ட அதிகாரி, "இவ்வளவு நன்றாக எங்கே கற்றாய்?" என்று கேட்டாராம். வெளிநாட்டுக்காரனைக் கேட்பதுபோல.

வக்கீல் சொந்த அலுவலகம் திறந்தபோது எங்களில் அதிகம் மகிழ்ந்தவன் மச்சான்தான். தன் குடியுரிமை வழக்கை அவனிடமே ஒப்படைத்தான். ஷிஃப்ட் முடிந்து, குளித்து, சலவைச் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, கொமுட்டர் ரயிலேறி அலுவலகத்துக்குப் போவான். போகும்போதெல்லாம் ஒரே பதில்தான். "நாளைக்கு வா மச்சான், பாத்துக்கலாம்." அப்படியே வருடங்கள் ஓடின. வக்கீல் பெரிய ஆளானான். சங்கத்தில் பதவி, டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர்களின் பழக்கம், கடைசியில் நாடகம் எழுதும் ஆசை.

அவன் எழுதிய நாடகத்தில், பள்ளித் தோழர்கள் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வீட்டில் கூடுகிறார்கள். நாம் என்ன வாழ்ந்தோம், எதை விட்டோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் அழைக்காமலே வந்து நிற்கும் ஒரு குடிகாரத் தோழனும் அதில் உண்டு. கழுத்துப் பட்டன் போட்டவன். முன்னுக்கு வந்த நண்பன் அவனைப் பார்த்து, "உன் வாழ்க்கையை ஏன்டா இப்படி நீயே பாழாக்கிக்கிட்ட?" என்று கேட்பான். குடிகாரன் அழுது அவன் காலில் விழுவான். நண்பன் தூக்கி நிறுத்தி வேலை கொடுப்பான். திரை. அந்த நல்ல நண்பனாக நடிப்பவன் வக்கீலேதான். காலில் விழ வேண்டியவன் நான்.

"இது மச்சான் கதைதானே?" என்று கேட்டேன்.

"கற்பனை லா. நீ ஏன் எல்லாத்தையும் பெருசாக்கற?"

நான் விலகிவிடுவதாக இருந்தேன். மச்சானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னபோது அவன் தடுத்தான். "நீ விட்டா வேற எவனாவது நடிப்பான். இரு, நான் வந்து பாக்கறேன்." அடுத்த ஒத்திகைக்கு வேலையிலிருந்து நேராக வந்தான். மூலையில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்தான். முடிந்ததும், வகுப்பில் சந்தேகம் கேட்பவன் போல எழுந்து நின்றான்.

"ஒண்ணு கேக்கணும் வக்கீலு. இவன் ஏன் குடிக்கிறான்?"

"வாழ்க்கையில தோத்துட்டான் லா."

"எதுல தோத்தான்? பரீட்சையிலயா?"

வக்கீல் வசனத்தாள்களை அடுக்கிக்கொண்டே, "அதெல்லாம் எழுதினா அரசியல் ஆயிடும் மச்சான். டத்தோ வராரு, ஹால் அவர் புண்ணியத்துல கெடச்சது," என்றான்.

மச்சான் சண்டை போடவில்லை. "குடிகாரனா வேணும்னா வெச்சுக்க. அந்தப் பட்டன மட்டும் எடுத்துடு. அது என்னோடது," என்றான். வக்கீல் அவன் தோளில் தட்டி, எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தான்.

நாடகத்தன்று மேடையின் ஓரத்தில் நான் காத்துக்கொண்டிருந்தபோது, வக்கீல் ஓடிவந்து என் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டுப் போனான். அவன் நகர்ந்ததும் அதை அவிழ்த்துவிட்டுத்தான் மேடையேறினேன். இருந்தும் கூட்டம் போத்தலைப் பார்த்ததுமே சிரித்தது. நடு வரிசையில் மச்சான் தன் மகளோடு உட்கார்ந்திருந்தான். மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வக்கீல் என் முன்னால் வந்து நின்று, குரல் தழுதழுக்க, "ஏன்டா இப்படி நீயே பாழாக்கிக்கிட்ட?" என்றான். நான் விழ வேண்டும். என் முழங்கால் மடங்க மறுத்தது. வசனமும் வரவில்லை. வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு, "விழுடா," என்று முணுமுணுத்தான்.

அப்போது சபையிலிருந்து குரல் வந்தது. மச்சான் எழுந்து நின்றிருந்தான்.

"பாழாக்கினது நான் இல்லடா வக்கீலு. நான் இங்கதான் பொறந்தேன், இங்கதான் படிச்சேன். உன் ஆபீஸ் படிய ஏறி ஏறி எறங்கினேன். நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொன்னியே, அந்த நாளைக்கு எப்ப வரும்?"

 பிறகு யாரோ கைதட்டினார்கள். அது மளமளவென்று பரவியது. டத்தோ எழுந்து நின்று தட்டினார். அவர்கள் அதை நாடகத்தின் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவன் தன் நியாயத்தை உரக்கக் கேட்கிறான், ஊரே திரண்டு அவனை நல்ல நடிகன் என்கிறது. மச்சான் சுற்றிலும் பார்த்தான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான். போகிற வழியில் ஒருவர் அவன் கையைக் குலுக்கினார்.

வக்கீல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மைக்கைப் பிடித்து ஒரு வார்த்தை போதும். அவன் கும்பிட்டபடி நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டான். சபைக்குள்ளேயே ஒரு பாத்திரத்தை உட்காரவைத்த புதுமை என்று பாராட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டான். நான் உடை மாற்றும் அறையில் அவன் சட்டையைப் பிடித்தேன். மற்றவர்கள் பிரித்துவிட்டார்கள். அதோடு எங்கள் நட்பு முடிந்தது. அது என்றோ முடிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து வக்கீல் மச்சானுக்குப் போன் செய்திருக்கிறான். கிள்ளானிலும் நாடகம் போடுகிறார்களாம். "அதே எடத்துல எந்திரிச்சு அதே மாதிரி பேசு மச்சான், செம ரியாக்‌ஷன்." அதற்குத் தான் சொன்ன பதிலை மச்சான் என்னிடம் சொன்னான்: "நான் கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லு. அப்புறம் வரேன்." வக்கீல் போனை வைத்துவிட்டான்.

கிள்ளான் நாடகத்துக்கு நான் டிக்கெட் வாங்கிப் போனேன். பின் வரிசையில் இடம். எனக்குப் பதிலாக வந்த இளைஞன் ஒழுங்காகக் காலில் விழப் போனான். உடனே நடு வரிசையில் ஒருவன் எழுந்தான். வாடகைக்கு அமர்த்திய நடிகன். கழுத்துப் பட்டன் போட்டிருந்தான். மச்சான் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னான். கடைசி வரியில் கண்ணீரும் விட்டான். கூட்டம் எழுந்து நின்றது. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து மச்சானை அழைத்தேன். பண்டகசாலையில் இருந்தான். பின்னால் லோரி சத்தம். வாடகை நடிகனைப் பற்றிச் சொன்னேன்.

"எப்படிடா பேசினான்?" என்று கேட்டான்.

"உன்ன மாதிரி பேசல."

"எப்படிப் பேசுவான்? அவன்கிட்ட நீல ஐசிதானே இருக்கு!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வயிறு குலுங்கச் சிரிக்கும் பழைய வகுப்பறைச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை. அவன் விண்ணப்பம் இன்னும் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. நாடகம் அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போகிறது.