நான் சீவிக் கொடுத்த பாக்கு

தெமோதரைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்கு நான்தான் பொறுப்பு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடியற்காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்து அட்டையில் குறித்து வைப்பேன். நிறை கொஞ்சம் குறைந்தாலும் தாயைக் கூப்பிட்டு விசாரிப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பிள்ளைகளின் பல்லைப் பார்க்க டொக்டர் வந்த அன்று என் உதவியாள் வரவில்லை. அதனால் அம்மாவைக் கூட்டிப் போனேன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். டொக்டர் சின்ன வயது சிங்களப் பெண். தமிழ் ஓரளவு பேசினார். கடைசியாக வந்த பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அழுதது. அம்மா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு, நான் காட்டுறேன். ஆ..."

பிள்ளை சிரித்துவிட்டது. டொக்டர் சிரிக்கவில்லை.

"அம்மா, இன்னும் பெரிசா தொறங்க."

"இவ்வளவுதான் மிஸ் வரும்."

"மூணு விரல ஒண்ணுக்கு மேல ஒண்ணா வச்சு வாய்க்குள்ள விடுங்க பாப்போம்."

ஒரு விரல் போனது. இரண்டாவது விரல் பல்லில் தட்டி நின்றது. அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தேன். டொக்டர் டோர்ச் அடித்துக் கன்னத்தை ஒதுக்கி, என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். உட்பக்கம் முழுவதும் வெளுத்துத் தடித்திருந்தது. நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒரு சிவந்த புண்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல மிஸ். ஒறப்பு பட்டாத்தான் எரியும்."

"எவ்வளவு நாளா இருக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"போன தீவாளிக்கு முந்தியே இருந்திச்சு."

நான் பிள்ளைகளின் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடம். அம்மா மிளகாய்ச் சம்பலைத் தொடாமல் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "என்னம்மா, சின்னப் பிள்ள மாதிரி" என்று கேலி செய்திருக்கிறேன். வயசாகிவிட்டது என்பாள். நானும் அதை நம்பிவிட்டேன்.

டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டை எடுத்துக்கொண்டு மறுநாளே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் அம்மாவை நிறுத்தார்கள். முப்பத்தெட்டுக் கிலோ. அந்த எண்ணைப் பார்த்தபடி நான் நகராமல் நின்றதால் பின்னால் இருந்தவர் என்னைத் தள்ள வேண்டியதாயிற்று. தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் நிறுத்தவள், ஒரே அறையில் படுத்துறங்கும் அம்மா பாதியாகிப் போனதைக் காணவில்லை.

சதைத் துண்டெடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த நாளில் இரண்டு பேரையும் உட்காரவைத்து, புற்றுநோய் என்று பெரிய டொக்டர் சொன்னார். அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு எப்படிங்க வரும்? நான் பொகையிலயத் தொட்டதே இல்ல. வெறும் வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு மட்டுந்தான்."

"பாக்கு மட்டும் போதும் அம்மா," என்றார் அவர். "பொகையில இல்லாட்டியும் பாக்கால வரும்."

அம்மாவின் கைவிரல்களில் பிடிப்பு விட்டுப் போனதிலிருந்து அவளுக்குப் பாக்கு சீவிக் கொடுப்பது நான்தான். வேலை முடிந்து வந்து, பாக்குவெட்டியை எடுத்து, மறுநாளைக்குத் தேவையானதை மெல்லிசாகச் சீவி டப்பாவில் போட்டு வைப்பேன். பதுளைச் சந்தைக்குப் போனால் நல்ல பாக்காகத் தேடி வாங்கி வருவேன். அம்மாவுக்கு நான் செய்த ஒரே சேவை என்று அதைத்தான் நினைத்திருந்தேன்.

"கொஞ்சம் முந்தி வந்திருந்தா சின்ன வைத்தியத்தோட போயிருக்கும்," என்றார் டொக்டர்.

"அப்ப வலி இல்லைங்களே," என்றாள் அம்மா.

"வலி இல்லாதப்பதான் வரணும்."

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அப்படிப் போனதில்லை. வலித்தால் டிஸ்பென்சரி, தாங்க முடியாவிட்டால் பதுளை. ஒன்றும் நோகாத உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவதா?

அம்மாவின் இடது கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். டொக்டர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இருந்தும் வார்டுக்குள் போய் முதல் தடவை பார்த்தபோது, இது வேறு யாரோ என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அங்கே இருந்த பெண் என்னைத் திருப்பி அனுப்பினாள். வீங்கிய அந்த முகத்தில் கண்கள் மட்டும் அம்மாவுடையவை. நான் தாண்டிப் போனதை அந்தக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

மூக்கு வழியாகப் போட்ட குழாயில் கஞ்சி விட நர்ஸ் மிஸ் எனக்குப் பழக்கினார். அவசரப்படாமல், தலையணையை உயர்த்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. பத்தாவது நாளோ என்னவோ, கஞ்சி முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். கட்டைவிரலால் உள்ளங்கையில் எதையோ தடவினாள். பிறகு மடித்தாள். வாய்ப்பக்கம் கொண்டு போனாள். சுண்ணாம்பு தடவி வெற்றிலை மடிப்பது. வெற்றிலை கேட்கிறாள்!

"ஒனக்குப் பைத்தியமாம்மா?" என்று கத்திவிட்டேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அவளை என்ன சொல்ல? பன்னிரண்டு வயதிலிருந்து குளிருக்கும் பசிக்கும் அட்டைக்கடிக்கும் அவளுக்கு அது ஒன்றுதான் துணை. நான் குழாயைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒருநாள், கட்டிலருகே வந்த பெரிய டொக்டர் என்னிடம் கேட்டார்.

"வீட்ல வேற யாரும் பாக்கு போடுறதா?"

"இல்லைங்க சேர். அம்மா மட்டுந்தான்."

அம்மாவின் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. விரல் என்னை நோக்கி நீண்டது.

நான் பொய் சொல்லவில்லை. அதை நான் கணக்கிலேயே எடுத்ததில்லை. வெற்றிலை எனக்குப் பிடிக்காது. ஆனால் பாக்கு சீவும்போது ஒரு துண்டு வாயில் கிடக்கும். பிறகு இன்னொன்று. தினமும். எத்தனை வருடமாக என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"வாயத் தொறங்க," என்றார் டொக்டர்.

வலது கன்னத்தின் உட்புறம் நகத்தளவு ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றார். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. எனக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அதிலும் துண்டெடுத்தார்கள். முடிவு வரும்வரை, அம்மாவுக்குக் கஞ்சி விடும்போதும் அந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தேன். புற்றுநோய் இல்லை என்றார்கள். பாக்கை அன்றோடு விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

பிறகு எங்கள் ஆட்கள் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர் சிகிச்சையில் அம்மாவின் வாயெல்லாம் வெந்தது. பாதியில் போதும் என்று கையை ஆட்டிவிட்டாள். "நீ நிப்பாட்டுனா நானும் என் வாயக் காட்டப் போக மாட்டேன்," என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவள் மறுநாள் எழுந்து வந்தாள்.

இப்போது அம்மா கரைத்த உணவு சாப்பிடுகிறாள். பேச்சு குழறும், எனக்கு மட்டும் விளங்கும். போன வாரம் இரண்டு பேரும் கிளினிக் போனோம். அம்மாவைப் பார்த்து முடித்துவிட்டு டொக்டர் என் வாயையும் பார்த்தார். வெள்ளை பெரிதாகவில்லை, கொஞ்சம் மங்கியிருக்கிறது என்றார். நான் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை. டொக்டரிடம் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று அவர் என்னைக் கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "சரியா பாத்தீங்களான்னு கேக்குறாங்க சேர்."

அவர் டோர்ச்சை மறுபடி எடுத்தார். நான் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.