எட்டாவது வீட்டில் அயித்தையின் பெட்டி

தாழ்வாரமும் முற்றமுமான எங்கள் வளவைச் சுற்றி எட்டு அறைகள். அறை என்று யாரும் சொல்ல மாட்டோம், வீடு என்றே சொல்வோம். ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் ஒரு வீடு ஒதுக்குவார்கள்; மனைவி கொண்டுவரும் சாமானெல்லாம் அதற்குள் போகும். ஏழு வீடுகளுக்கு ஆள் இருந்தது. எட்டாவது, ரங்கூனிலிருந்த சித்தப்பாவுக்கு. தையில் கல்யாணம் என்று வெள்ளையடித்துப் பூட்டி வைத்திருந்தார்கள்.

தகப்பனாரின் அக்காளை நாங்கள் அயித்தை என்போம். கணவர் தவறியபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. ஒரு மரப்பெட்டி, ஒரு பாய், தாழ்வாரத்தில் ஒரு தூணடி, அவ்வளவுதான் அவளுக்கு. "ஏன் அயித்தை உள்ள படுக்க மாட்டேங்கிறீக?" என்று கேட்டால், "எனக்குக் காத்து வேணுமடி" என்பாள். நானும் நம்பினேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வளவின் நடுவே திறந்தவெளி. சாரல் தாழ்வாரமெல்லாம் அடித்தது. அயித்தை பெட்டியைத் தூணுக்குத் தூண் இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எட்டு வயது. வீட்டிலேயே எனக்குத்தான் மூளை அதிகம் என்று எனக்கு ஒரு நினைப்பு. மழை சற்று ஓய்ந்து அவள் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனதும், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து எட்டாவது வீட்டைத் திறந்தேன். தம்பியும் நானும் மூச்சு முட்டப் பெட்டியை உள்ளே தள்ளி, பாயையும் விரித்து வைத்தோம்.

பாராட்டுவாள் என்று அடுப்படியிலிருந்து என்னைப் பெற்ற ஆத்தாவை இழுத்து வந்தேன். அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"அடிப்பாவி, புதுப்பொண்ணு சாமானே இன்னும் உள்ள போகலையே! அதுக்குள்ள இந்தப் பெட்டியா?" என்று கையை ஓங்கினாள்.

அதற்குள் அயித்தை வந்துவிட்டாள். குடத்தை இறக்கிவைத்து, "பிள்ளைய ஒண்ணும் சொல்லாத. நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றாள். ஆத்தாவின் கை இறங்கியது. அயித்தை ஒற்றை ஆளாகப் பெட்டியை வெளியே இழுத்துப் போனாள். பிறகு ஆத்தா உள்ளே மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டாள். ஈரப்பெட்டி பட்டுத் தரை அழுக்காகியிருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு வந்த கோபம் வேறு. நான் செய்த நல்ல காரியத்தை, தான் சொல்லிச் செய்ததாக அயித்தை தட்டிக்கொண்டு போய்விட்டாளே! இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. தையில் கல்யாணம் நடந்தது. வளவு கொள்ளாத கூட்டம். அயித்தை மட்டும் பின்கட்டை விட்டு வரவில்லை. அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சென்ற பொங்கலுக்குப் பிறந்த வீடு போயிருந்தேன். என்னோடு பெட்டி தள்ளிய தம்பிக்கு இப்போது அந்த வளவில் ஒரு வீடு இருக்கிறது; பெண்பிள்ளை எனக்கு இல்லை. மத்தியானம் தாழ்வாரத்தில் பாயை விரித்தேன். அவன் பேத்தி வந்து, "ஏன் இங்குட்டுப் படுக்கிறீக?" என்று கேட்டாள்.

"காத்து வேணும்" என்றேன்.

சரி என்று விளையாடப் போய்விட்டாள்.